கப்பலில் இராவிட்டால்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

வேதபாட வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்குகிற நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். வகுப்பில் வாயே திறக்காதவர்கள் அப்போது மெல்லப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அப்படி ஒருநாள் ஓர் அம்மா வந்தார். "ஐயா, என் மகன் பதினாறு வயசுல ஞானஸ்நானம் எடுத்தான். வாலிபர் கூட்டத்துல சாட்சி சொல்லும்போது அழுவான். இப்ப அஞ்சு வருஷமா பைபிளைத் தொடலை. அவனுக்கு இரட்சிப்பு போயிடுச்சா?"

இதே கேள்வியை இன்னொரு குரலிலும் கேட்டிருக்கிறேன். ஒரு வாலிபர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒருமுறை இரட்சிக்கப்பட்டா எப்பவும் இரட்சிக்கப்பட்டவர்தானே ஐயா? அப்ப கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் பரவாயில்லையா?"

கேள்வி ஒன்றுதான்: பாவத்திலிருந்து கிடைத்த இரட்சிப்பை ஒருவன் பிறகு இழக்க முடியுமா? ஆனால் இந்த இருவருக்கும் ஒரே வசனத்தை எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வசனங்களை முதலில் பார்த்துவிடலாம். யோவான் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் ஆடுகளைப் பற்றிச் சொல்கிறார்: "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." எபிரெயர் 6ஆம் அதிகாரமோ, ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்று, பிறகு மறுதலித்துப்போனவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்", அதாவது முடியாத காரியம் என்கிறது. இரண்டும் ஒரே வேதாகமத்தில் இருக்கின்றன. ஆளுக்கொரு வசனத்தைத் தடித்த கோடு போட்டு வைத்திருக்கிறோம். அடுத்தவர் கோடு போட்ட பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

எபிரெயர் 6க்குச் சிலர் தரும் விளக்கம் இது: "அவர்கள் ருசி மட்டும்தான் பார்த்தார்கள், விழுங்கவில்லை. அதனால் உண்மையான விசுவாசிகளே இல்லை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், இயேசு ஒவ்வொருவருக்காகவும் மரணத்தை "ருசிபார்த்தார்" என்று வருகிறது. அங்கே அவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார் என்று யாராவது சொல்வோமா? விலகிப்போனவர்கள் "நம்முடையவர்களாயிருக்கவில்லை" என்று 1 யோவான் 2:19 சொல்வது உண்மை. அதை வைத்து வாதாடுங்கள், அது பலமான வாதம். 'ருசி'யை வைத்து வாதாடாதீர்கள்.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். எபிரெயர் 6ஐக் காட்டி, "சனிக்கிழமை பாவத்தில் விழுந்தால் இரட்சிப்பு போயிற்று, ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து ஜெபித்தால் திரும்பக் கிடைத்தது" என்று போதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வசனம் சொல்வது திரும்பப் புதுப்பிக்க முடியாது என்பதல்லவா? வாரம் ஒருமுறை தொலைத்து வாரம் ஒருமுறை கண்டெடுக்கிற இரட்சிப்புக்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை. அது பேசுவது தடுக்கி விழுந்தவனைப் பற்றியா, கிறிஸ்துவே வேண்டாம் என்று தெரிந்தே முகம் திருப்பிக்கொண்டவனைப் பற்றியா என்று நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

சரி, இது நம் காலத்துச் சண்டை என்று நினைக்காதீர்கள். கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தப் பாப்பிரஸ் சீட்டுகளில் சில எகிப்தில் கிடைத்திருக்கின்றன. கிட்டத்தட்ட நம்முடைய விண்ணப்பப் படிவம் மாதிரிதான்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானபலி ஊற்றினேன், பலியிட்டேன், பலியில் ருசிபார்த்தேன். கீழே சாட்சியின் கையொப்பம். 'ருசிபார்த்தேன்' என்பதற்கு அங்கே வருகிற கிரேக்க வினைச்சொல்லும் எபிரெயர் 6இல் வருகிற வினைச்சொல்லும் ஒன்றே. பரம ஈவை ருசிபார்த்த வாயால் அந்தப் பலியையும் ருசிபார்த்தேன் என்று எழுதிக் கொடுத்த மனிதன் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பான் என்று நான் யோசிப்பதுண்டு.

துன்பம் ஓய்ந்ததும், அப்படிப் பலியிட்ட, சீட்டு வாங்கின கிறிஸ்தவர்களில் பலர் சபைக் கதவைத் தட்டினார்கள். ரோமாபுரியில் நோவேசியன் என்பவர், சேர்க்கவே கூடாது என்று பிரிந்துபோனார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் சிப்ரியன் தலைமையில் 251இல் கூடிய ஆயர்கள் வழி திறந்தார்கள்: பலியிடாமல் சீட்டு மட்டும் வாங்கினவர்களுக்குச் சீக்கிரம், பலியிட்டவர்களுக்கு நீண்ட தவத்துக்குப் பிறகு, மரணத் தறுவாயில். அதே சிப்ரியன் 258இல் இரத்தசாட்சியாக இறந்தார். விழுந்தவர்களிடம் இரங்கியவர் தான் விழாமல் நின்றார்.

அப்புறம், பதினாறாம் நூற்றாண்டில் சபை பிரிந்த சீர்திருத்தக் காலம். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தில், சாவான பாவத்தால் கிருபை இழக்கப்படும், குருவிடம் பாவ அறிக்கை செய்கிற ஒப்புரவு அருட்சாதனத்தால் திரும்பக் கிடைக்கும் என்றது. லூத்தரன் சபைகளும் இழக்கலாம் என்றே சொல்கின்றன. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின வெஸ்லியும் அப்படியே. சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவர்கள் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618, 1619இல் சங்கம் கூடி, தேவன் தாம் தேர்ந்தெடுத்தவர்களை முடிவுவரை காப்பார் என்று தீர்மானித்தார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 'இழக்கலாம்' என்கிற கட்சிக்கு இன்றும் டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அந்த மனிதரோ, உண்மை விசுவாசி முற்றிலும் விழுந்துபோவான் என்று தான் ஒருபோதும் போதிக்கவில்லை என்று 1608இல் எழுதினார். அவர் இறந்தபின் 1610இல் அவருடைய சீடர்கள் கொடுத்த மனுவும், இதை இன்னும் வேதத்தில் ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தது.

என் கருத்தைக் கேட்டால், அப்போஸ்தலர் 27ஐத் திறக்கச் சொல்வேன். புயலில் மாட்டின கப்பல், உள்ளே 276 பேர். பவுல் முதலில் சொல்கிறார்: உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது. தேவதூதன் வந்து சொன்ன வாக்கு அது. பதினாலாம் இரவில் கப்பலாட்கள், முன்பக்கத்தில் நங்கூரம் போடப் போகிறோம் என்கிற பாவனையில் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். உடனே அதே பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." போர்ச்சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள்.

வாக்கு பொய்யா? இல்லை, ஒருவர்கூடச் சாகவில்லை. அப்படியானால் எச்சரிப்பு வெறும் மிரட்டலா? அதுவும் இல்லை, அதைக் கேட்டுத்தான் கயிறு அறுந்தது. வாக்கு நிறைவேறின வழியே அந்த எச்சரிப்புதான். எபிரெயர் 6ஐ நான் இப்படித்தான் வாசிக்கிறேன். அதை எழுதினவரும் மூன்று வசனம் தள்ளி, பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும் உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். இதனால் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பவுலோடு ஊழியம் செய்த தேமா இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான் என்பதோடு அவன் கதை நின்றுவிடுகிறது.

சிரித்துக்கொண்டே கேட்ட வாலிபரிடம், தம்பி, நீ படகை இறக்குகிறாய் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

அந்த அம்மாவிடம், சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுத்த பேதுருவைப் பற்றிப் பேசினேன். சேவல் கூவுகிற இடத்தில் புத்தகத்தை மூடினால் பேதுருவும் போனவன்தான். ஆனால் சேவல் கூவுவதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று ஆண்டவர் சொல்லியாகிவிட்டது. உங்கள் மகன் கதையில் நாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது அம்மா என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அவன் பைபிள் என் அலமாரியிலதான் இருக்கு. அனுப்பி வைக்கலாமா?"

அனுப்புங்கள் என்றேன். கூடவே ஒரு கடிதம் வையுங்கள், அதில் பிரசங்கம் வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள் போதும்.

வணக்கம்.