பூசணிக்காயும் ஒற்றர் படையும்

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட அன்பர்களே, கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஐயாவிடம் படித்த பலர் இங்கே இருக்கிறார்கள். அவர் வந்ததே எனக்குப் பெரிய பேறு.

மூன்று விடயம் பேச வந்தேன். ஒரு படம், ஒரு சட்டம், ஒரு வேலை.

படத்தின் பெயர் ‘டி.ஈ.பி.எஸ்.’. அஞ்சலா ரொபின்சன் தன் குறும்படத்தையே விரித்து 2004இல் எடுத்த அமெரிக்க நகைச்சுவைப் படம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குள் இன்னொரு தேர்வை ஒளித்துவைத்து, நன்றாகப் பொய் சொல்லக்கூடிய பெண்பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து ஒற்றர்களாக்குகிறார்கள். அதில் முழுப்புள்ளி வாங்கியவள் ஏமி. அவள் தேடிப் பிடிக்கவேண்டிய கொள்ளைக்காரி லூசி டயமண்ட். இருவருக்கும் காதல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ஒற்றர் படையே சேர்ந்து மறைத்தாலும் முடியாது என்பதுதான் கதை.

இதை நான் என் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். 2022 மார்ச் கடைசி, பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சம், மடிக்கணினியில் பாதி பற்றரி. பெரியம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு, ஆங்கிலம் ஓடாது. வரிக்கு வரி நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இருட்டில் இரண்டு பெண்களும் ஆளுக்காள் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற இடம் வந்தது. கையில் இருந்த விசிறி மட்டை நின்றது. “ஏனடி சுடேல்லை?” என்றார். நான் வாய் திறக்கமுன் அவரே, “விளங்குது, விளங்குது, நீ மேல சொல்லு” என்றார். ஏமியைப் பார்ப்பதற்காகவே லூசி வங்கிக்குள் கொள்ளைக்கு இறங்கியபோது, “எங்கட காலத்தில கோயில் திருவிழா இருந்தது, இவளுக்கு வங்கி” என்று சிரித்தார். ஏமி விரும்பித்தான் போனாள் என்பதை மறைத்து, கடத்தப்பட்டாள் என்று மேலிடம் ஊருக்குச் சொன்னபோது அவருக்கு உண்மையாகவே கோபம். மேடையேறி லூசியைப் பழித்துப் பேசு என்று ஏமியை நெருக்குகிறார்கள். அந்த இடத்தில் பற்றரி செத்துப்போயிற்று!

அன்றிரவு பெரியம்மா படுக்கவேயில்லை. விடிய கரண்ட் வந்ததும் தேநீருக்கு முன் கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். லூசி திருடிய பொருளையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறாள், ஏமி மேடையை விட்டு அவளோடு போகிறாள். “அப்பாடா, ஒருத்தரும் சாகேல்லை” என்றார். அவர் சொன்னது லேசான வார்த்தையல்ல. இப்படிப்பட்ட காதலுக்குக் கதைகளில் விஷமும் கடலும்தான் முடிவென்று பழகியவர்கள் நாங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்குவது எங்கள் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு. அது முதலில் ஆண்களைத்தான் சொன்னது. 1995இல் ‘ஆண்’ என்றிருந்ததை ‘ஆள்’ என்று மாற்றி, பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். இதை நீக்கக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் எந்தப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைக்கிறோம்? விரிவாகப் பேராசிரியர் அம்மையார் பேசுவார். நான் வேலைக்குப் போகிறேன்.

தமிழில் உபதலைப்பு வேண்டும். சிங்கள உபதலைப்போடு எத்தனை படம் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டோம்! எங்கள் தாய்மார் மட்டும் பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்து சொல்லும்வரை காத்திருக்கவேண்டுமா? தன் மனதைத் தாயிடம் சொல்ல வழி தெரியாத ஒரு மகள், பக்கத்தில் இருந்து ஒரு படம் பார்க்கலாமே. அதற்கு வசனம் தமிழில் ஓடவேண்டும்.

நாங்கள் நான்கு பேர் தொடங்கிவிட்டோம். முதல் சிக்கல், லூசி ஏமியை எப்படிக் கூப்பிடுவாள் என்பது. ‘நீங்கள்’ என்றால் கந்தோர்க் கடிதம். ‘நீ’ என்றால் அவசரம். பெரியம்மாதான் தீர்த்துவைத்தார்: “துவக்கு நீட்டேக்க ‘நீர்’. வங்கிக்குப் பிறகு ‘நீ’.” வங்கி வாசல் வரை எழுதி முடித்தாயிற்று. மிச்சத்துக்கு ஆள் வேண்டும். வாசலில் கொப்பி வைத்திருக்கிறேன், பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.