கீழக்கரைக் கொட்டகையில் ஒரு பென்ஸ் கூபே

வணக்கம் உறவுகளே. கீழக்கரையில் இருக்கிறேன். என் பின்னால் தெரிகிற பனை ஓலைக் கொட்டகைக்குள் 1963 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 220 எஸ்.இ. கூபே, அதாவது இரண்டு கதவு கார் ஒன்று நிற்கிறது. 1988-ல் நிறுத்திய வண்டி. வீட்டுக்கார காக்கா (இந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இப்போதுதான் அதைக் கொடுக்க மனசு வைத்திருக்கிறார். முழுசாகப் புதுப்பிக்கிற கைக்குத்தான் போக வேண்டும் என்கிறார்.

இந்தப் பக்கம் வாருங்கள். பக்கவாட்டில் இருக்கிற முன், பின் கண்ணாடி இரண்டையும் இறக்குகிறேன். பார்த்தீர்களா, நடுவில் தூணே இல்லை! முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே திறப்பு. பால் பிராக் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த வடிவம், 1961-ல் வெளிவந்தது. இதே குடும்பத்தின் நாலு கதவு காருக்குப் பின்பக்கம் மீன் துடுப்பு போல எழும்பி நிற்கும். கூபேயில் அதை மழுக்கிவிட்டார்கள். இதன் அழகே அந்த அடக்கம்தான். மேல்கூரை திறக்கும் கேப்ரியோலேயையும் சேர்த்து, 1965 வரை மொத்தமே 17,000-க்குள்தான் செய்தார்கள்.

காக்காவின் வாப்பா சென்னையில் இரண்டாம் கையாக வாங்கியது. 2195 சிசி, ஆறு சிலிண்டர். கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கிற பாஷ் கம்பெனியின் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்பு. ரோடெல்லாம் அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் அந்தப் பம்பைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. “ஆள் கெடைச்சதும் பாத்துக்கலாம்னு வாப்பா நிறுத்துனாங்க தம்பி. அப்புறம் அவங்களே மவுத்தாயிட்டாங்க” என்றார் காக்கா.

சரி, பானெட்டைத் திறந்ததும் எல்லாரும் என்ஜினைப் பார்ப்போம். நீங்கள் முதலில் தரையில் படுங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்புதான் சேசிஸ். நடுத்தூணும் இல்லாததால் கதவுக்குக் கீழே ஓடுகிற இந்தப் பெட்டித் தகரம்தான் முன்னையும் பின்னையும் பிடித்து நிறுத்துகிறது. உப்புக்காற்று அதற்குள் புகுந்து படிகிறது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே படாவிட்டாலும் உள்ளிருந்து அரிக்கும்.

இதோ ஸ்க்ரூ டிரைவரால் தட்டுகிறேன். இடது பக்கம் டங் டங்கென்று கேட்கிறது. வலது பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால், சத்தமே மாறுகிறது. லேசாகத்தான் அழுத்துகிறேன், உள்ளே போய்விட்டது. விரல் நுனியில் பாருங்கள், காப்பித்தூள் போலத் துரு. இங்கே ஒரு முழ நீளத்துக்கு வெட்டி எடுத்துப் புதுத் தகரம் பற்ற வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கதவு இடைவெளியை அளந்து, உள்ளே முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து கதவே சாத்தாது.

அப்பாவின் அம்பாசடரை மண்டபம் ஊரில் வைத்திருந்தோம். துருவின் மேலேயே பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று வந்தது. அடுத்த வருஷமே டிரைவர் பக்கத் தரை காலோடு பெயர்ந்துவிட்டது. அதனால்தான் காந்தத்தோடு திரிகிறேன். பட்டியில் காந்தம் ஒட்டாது. இந்த வண்டி முழுக்கத் தடவிப் பார்த்தேன், முன் விளக்கோரம் ஒரு உள்ளங்கை அளவு தவிர எல்லா இடத்திலும் ஒட்டுகிறது. 60 வருஷத்து வண்டிக்கு இது பெரிய விஷயம்.

ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. 50 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்தது. நம்பரில் ‘வி.ஏ.’ என்று வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் உடம்பும் என்ஜினும் பழைய அமைப்பிலேயே இருக்க வேண்டும். வேறு என்ஜின் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பேட்டரி வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம். டேங்கில் இருக்கிற பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கிறது, அது பம்புக்குள் போனால் பம்பு போச்சு. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டிருக்கிறேன். நான்கு நாள் ஊறட்டும், பிறகு கையால் சுற்றிப் பார்க்கலாம்.

விலையை நேரில்தான் பேசுவாராம். உதிரிபாகத்துக்கு உடைக்கக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், டீ கொடுத்து அனுப்பிவிட்டார். வருகிறவர்கள் டார்ச் லைட்டும் படுக்க ஒரு பாயும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வாருங்கள். பத்து மணிக்கு மேல் கொட்டகைக்குள் வெக்கை தாங்காது.