தேர்வுக் குழு போய்விட்டது

(ஆராய்ச்சிக்கும் தலைமைப் பயிற்சிக்கும் சேர்த்து வழங்கப்படும் உதவித்தொகை ஒன்றுக்குத் தேர்வான பல்கலைக்கழக மாணவர்களிடையே, அவர்களின் முதல் சந்திப்பன்று ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போகிறீர்கள். அதற்கு முன்னால் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பேசுவதில் பாதி உங்கள் காதில் விழாது என்பது தெரிந்துதான் வந்திருக்கிறேன். "நம்ம முறை வந்தால் என்ன சொல்வது?" என்று உள்ளுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக உங்களைக் குறை சொல்ல முடியாது. மால்கம் பிரென்னர் என்பவர் 1973-ல் இதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார். ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு சொல்லாக உரக்கப் படிக்க வைத்தார். பிறகு, நினைவில் நிற்கிற சொற்களைக் கேட்டார். தங்கள் முறைக்குச் சற்று முன்னால் படிக்கப்பட்ட சொற்கள்தான் பலருக்கும் மறந்துபோயிருந்தன. அதாவது, இந்த அரங்கில் உங்களுக்கு முந்தின நாற்காலியில் இருப்பவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். அவர்தான் அடுத்த இரண்டு வருஷம் உங்களோடு இருக்கப்போகிறவர்!

அதனால் கையில் காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவதை நான் பேசி முடிப்பதற்குள் மூன்று வரியில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். உங்கள் முறை வரும்போது பார்த்துப் படிக்கலாம், தப்பே இல்லை. ஒத்திகை காகிதத்துக்குப் போய்விட்டால் காது சும்மா இருக்கும்.

சரி, அந்த மூன்று வரியில் என்ன எழுதுவது? இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

இது மாதிரிக் கூட்டங்களில் அறிமுகம் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும். "என் பெயர் இன்னது. இன்ன துறையில் இரண்டாம் ஆண்டு. இன்ன மன்றத்தின் தலைவர். இன்ன போட்டியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். நிலைத்த வளர்ச்சி, சமூக மாற்றம் ஆகியவற்றில் ஆர்வம் உண்டு." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைக் கேட்ட பக்கத்து நாற்காலிக்காரர் என்ன செய்வார்? "ஓ, அருமை" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காது. கைப்பிடி இல்லாத பாத்திரத்தை நீட்டினால் எதிரில் நிற்பவர் எங்கே பிடிப்பார்?

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரிந்துவிடும். மாதக்கணக்கில் நீங்கள் விண்ணப்பம் எழுதினீர்கள். கட்டுரையைப் பத்து பேரிடம் காட்டித் திருத்தினீர்கள். நேர்காணலுக்குப் பயிற்சி எடுத்தீர்கள். அத்தனையும் "இவ்வளவு பேர் இருக்கும்போது உன்னை ஏன் எடுக்க வேண்டும்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில். அந்தக் கேள்வியைக் கேட்ட தேர்வுக் குழு எழுந்து போய்விட்டது. முடிவும் வந்துவிட்டது, உங்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் குரல் மட்டும் இன்னும் அவர்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கேள்வி வேறு. "இவர் எதைத் தேடிக்கொண்டிருக்கிறார்? அதில் எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?" அவ்வளவுதான்.

படிப்பையும் தலைமைக் குணத்தையும் சேர்த்து அளக்கிற பழக்கம் நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. பிரிட்டிஷ் சுரங்க அதிபர் செசில் ரோட்ஸ் 1902-ல் இறந்தார். அவர் உயிலின்படி ஆக்ஸ்போர்டில் ஏற்பட்ட உதவித்தொகைக்கு ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது. விளையாட்டில் நாட்டம், துணிவு, சக மாணவர்களை வழிநடத்தும் இயல்பு எல்லாம் கேட்டது அந்த உயில். பெண்களை மட்டும் கேட்கவில்லை. 1970-களின் நடுப்பகுதி வரை அவர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. யார் தலைவர் என்று ஒருத்தர் அளவுகோல் செய்துவிட்டால், அந்த அளவுகோலுக்குத் தகுந்தபடி எல்லோரும் தங்களை வளைத்துச் சொல்லத் தொடங்குவார்கள். பின்னால் வந்த திட்டங்கள் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தன. ஸ்டான்போர்டில் நைட்-ஹென்னஸி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களிடம், உங்களைப் பற்றி யாரும் எதிர்பாராத எட்டுச் செய்திகளைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். விண்ணப்பக் குரலைக் கேட்டுக் கேட்டுத் தேர்வாளர்களுக்கே சலித்துப்போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆராய்ச்சி உலகத்தில் புகழ்பெற்ற சுய அறிமுகம் ஒன்று உண்டு. 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம். ராமானுஜன்தான். எல்லோருக்கும் தெரிந்த கதை என்று கடந்துபோகாதீர்கள். அந்தக் கடிதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தன்னைப் பற்றிய செய்தி தொடக்கத்தில் சில வரிகள்: இன்ன வேலை, ஆண்டுக்கு இருபது பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஓய்வு நேரத்தில் கணக்குப் போடுகிறேன். உள்ளூர்க் கணித அறிஞர்கள் என் முடிவுகளைப் பார்த்து வியக்கிறார்கள் என்று ஒரு வரி பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, அவருக்கு அது கூட உரிமையில்லையா? அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விரிதொடர்களை, அதாவது கூட்டிக்கொண்டே போனாலும் ஓர் எண்ணில் போய் நிற்காத தொடர்களைப் பற்றி ஆராய்ந்திருக்கிறேன் என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார். அப்புறம் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நூற்றுக்கும் மேல். கடைசியில் தனக்கு வேண்டியதைக் கூசாமல் கேட்கிறார்: நான் ஏழை, இவற்றில் மதிப்புள்ளது ஏதாவது இருப்பதாக நீங்கள் கருதினால் வெளியிட விரும்புகிறேன்.

நான் யார் என்பது கொஞ்சம், எதில் மூழ்கியிருக்கிறேன் என்பது நிறைய, எனக்கு என்ன வேண்டும் என்பது ஒரே வாக்கியம். அந்தக் கடிதத்தைப் படித்த ஹார்டிக்கு வேலை வந்துவிட்டது. சக கணித அறிஞர் லிட்டில்வுட்டைக் கூட்டிவைத்துக்கொண்டு தேற்றங்களைப் பிரித்துப் பார்த்தார். எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆண்டு மே மாதமே சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. உங்களுக்கெல்லாம் அவர் முன்னோடி என்றே சொல்லலாம்.

நாம் ராமானுஜன் இல்லை, நம் கையில் நூறு தேற்றம் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். தேற்றம் வேண்டாம், ஒரு கேள்வி இருந்தால் போதும். கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். "சுற்றுச்சூழலில் ஆர்வம்" என்று அவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவோம். "ஆற்றுநீரில் கிடக்கும் பிளாஸ்டிக் துகள்களை எண்ணப் பார்க்கிறேன். ஒரே இடத்தில் காலையில் எடுத்த நீரும் மாலையில் எடுத்த நீரும் வேறு வேறு எண்ணிக்கை காட்டுகின்றன. எத்தனை முறை எடுத்தால் நம்பலாம் என்று தெரியவில்லை" என்று சொல்லட்டும். புள்ளியியல் படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சட்டம் படிக்கிறவர், "இந்த எண்ணிக்கையை வைத்து ஒரு தொழிற்சாலை மேல் வழக்குப் போட முடியுமா?" என்று கேட்பார். வரலாறு படிக்கிறவருக்கு அந்த ஆற்றைப் பற்றிய பழைய ஆவணம் ஒன்று நினைவுக்கு வரலாம். அந்த மாணவி தன் சாதனை ஒன்றையும் சொல்லவில்லை, தெரியாததைத்தான் சொன்னார்.

பெயர் மறந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ல் வெளியான ஓர் ஆய்வில் முகங்களைக் காட்டி, அவர்களுடைய பெயரையும் தொழிலையும் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சில சொற்கள் பெயராகவும் வரும், தொழிலாகவும் வரும். அதே சொல் தொழிலாகச் சொல்லப்பட்டபோது கூடுதலாக நினைவில் நின்றது, பெயராகச் சொல்லப்பட்டபோது நழுவியது. ஒருவர் செய்கிற வேலையோடு நமக்கு ஏற்கெனவே தெரிந்த பத்து விஷயங்கள் ஒட்டிக்கொள்ளும், வெறும் பெயரோடு எதுவும் ஒட்டாது. அதனால் பெயரை நிதானமாகச் சொல்லுங்கள். தப்பாக உச்சரித்தால் சிரித்துக்கொண்டே திருத்துங்கள். ஆனால் உங்களை நினைவில் நிறுத்தப்போவது நீங்கள் அன்றாடம் எதை நோண்டுகிறீர்கள் என்பதுதான்.

தெரியாததைச் சொல்ல ஏன் பயம் வருகிறது என்பதையும் பேசிவிடுவோம். "இங்கே எல்லோரும் பெரிய ஆட்களாக இருக்கிறார்கள், என்னைத் தவறுதலாக எடுத்துவிட்டார்கள்" என்ற நினைப்பு உங்களில் சிலருக்கு இப்போதே ஓடிக்கொண்டிருக்கும். பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். நன்றாகச் சாதித்த பெண்கள் பலர், தாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜோசலின் பெல் இதே நினைப்போடுதான் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தார். என்றைக்காவது கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுவரைக்கும் முழு உழைப்பைப் போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1967-ல் ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் முப்பது மீட்டர் நீளக் காகிதம் கோடுகளோடு வந்து விழும். அதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல். நட்சத்திரம் மாதிரியும் இல்லை, மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் மாதிரியும் இல்லை. வேறு யாராவது ஒதுக்கியிருப்பார்கள். இவர் விடவில்லை. விரித்துப் பதிவு செய்து பார்த்தால், 1.3 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் வந்த துடிப்பு அது. பல்சார் என்ற விண்பொருள் மனிதர்களுக்குத் தெரியவந்தது அப்படித்தான். 1974-ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, இவருக்கு இல்லை. 2018-ல் தனக்குக் கிடைத்த முப்பது லட்சம் டாலர் சிறப்புப் பரிசை அப்படியே கொடுத்துவிட்டார். எதற்கு? இயற்பியலில் நுழைய வாய்ப்புக் குறைந்த பிரிவினருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குவதற்கு.

அந்தப் பயம் நல்லது என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது பல்சாரைக் கொடுக்காது, தூக்கத்தைத்தான் கெடுக்கும். ஆனால் அந்தக் கிறுக்கலைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். இந்த அரங்கம் அந்த இடமாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டுரையில் உங்களில் பலர் பட்ட கஷ்டத்தை எழுதியிருப்பீர்கள். பல திட்டங்கள் அதைக் கேட்கவும் செய்கின்றன. இங்கே அதைத் திரும்பச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொல்ல விரும்பினால், நம்பிக்கை வந்த பிறகு, வேண்டியவரிடம் சொல்லுங்கள். முதல் நாளே அறிமுகமாக எடுத்து வைத்தால், அடுத்த இரண்டு வருஷமும் அந்தக் கதையாகவே உங்களைப் பார்ப்பார்கள். கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், அதைத் தோண்டாதீர்கள்.

தலைமை பற்றிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் சிரமம். "நான் ஒரு தலைவர்" என்று யார் சொன்னாலும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. பதவிப் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் விலகிய பிறகும் நடந்துகொண்டிருக்கிற காரியம் ஏதாவது இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் "இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிடலாம். இருபது வயதில் அது ஒன்றும் குறையில்லை. லெய்ட்லா உதவித்தொகையில் இளநிலை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஆராய்ச்சியும் இன்னொரு கோடையில் சமூகக் களப்பணியும் செய்கிறார்கள். தலைமை ஏற்கெனவே கைவந்திருக்கும் என்றால் இரண்டாவது கோடை எதற்கு?

வெவ்வேறு துறைக்காரர்களை இப்படி ஓரிடத்தில் சேர்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். எப்போதாவது, அபூர்வமாகச் சந்திக்கிறவர்கள்தான் மற்றவர்களுக்கெல்லாம் செய்தி கொண்டுவந்திருந்தார்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆளுக்கு வேறு உலகம் தெரியும். ஆனால் அந்தத் தூரத்து ஆளுக்கு நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்திருந்தால்தானே, எங்கோ அதைப் பார்த்தவுடன் உங்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றும்? "முதல் பரிசு வாங்கியவர்" என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தால் அவர் எதைப் பார்த்து உங்களை நினைப்பார்?

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிமுகத்தை இன்றோடு முடித்துவிடாதீர்கள். முதல் கோடை முடிந்து திரும்பும்போது இவர்களை மறுபடியும் எழுப்பிக் கேளுங்கள். பாதிப் பேருக்குக் கேள்வி மாறியிருக்கும். சிலர் ஆராய்ச்சியே நமக்கு ஒத்துவராது என்று கண்டுபிடித்திருப்பார்கள். அதுவும் சபையில் சொல்லக்கூடிய செய்திதான்.

பெரிய வட்டம் வேண்டாம் என்று அவர்களிடம் முன்பே கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஐந்தைந்து பேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் துறைக்காரர் இருக்கும் குழுவில் உட்காராதீர்கள். ஒருவர் மூன்று வரியைப் படித்ததும் மற்ற நால்வரும் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். "அருமை" என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. இருபது நிமிடம் கழித்து வந்து, உங்களைப் பற்றி உங்களிடம் கேட்க மாட்டேன், பக்கத்தில் இருப்பவர் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் கேட்பேன். காகிதத்தில் இன்னும் ஒன்றும் எழுதாதவர்கள் அவசரமாக எழுதுங்கள். நன்றி.