ஓய்வான விடுமுறை நாளுக்கு ஒரு மிக்ஸட் மீடியா ஸ்கிராப்புக் பக்கம்

[காட்சி: மேசையில் வெள்ளைத் தாள், பக்கத்தில் ஒரே ஒரு போட்டோ]

ஒண்ணுமே செய்யாம சாய்ஞ்சு கிடந்த ஒரு விடுமுறை நாள். அதையே ஸ்கிராப்புக்ல, அதாவது போட்டோவும் நினைவுகளும் ஒட்டி வைக்கிற ஆல்பத்துல, வைக்கும்போது பத்து போட்டோ, மூலைக்கு மூலை ஸ்டிக்கர், நாலு ரிப்பன்னு அடைச்சா பக்கம் சந்தைக்கடை மாதிரி ஆயிடும். அதனால நிறம், பேஸ்ட், காகிதம்னு பலதும் கலந்து செய்யற (அதான் மிக்ஸட் மீடியா) இந்தப் பக்கத்துக்கு 4க்கு 6 அங்குலத்துல போட்டோ ஒண்ணே ஒண்ணுதான். பக்கம் 12க்கு 12 அங்குலம். அதுல மூணுல ஒரு பங்கு இடம் கடைசி வரைக்கும் காலியா இருக்கணும். எந்தப் பக்கம் காலின்னு இப்பவே பென்சில்ல லேசா குறிச்சு வைங்க. வேலை சூடு பிடிச்சப்புறம் கை சும்மா இருக்காது.

[காட்சி: இரண்டு தாள்கள், ஒன்று வளைந்திருக்கிறது]

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல) வாட்டர்கலர் தாள் எடுங்க. மெல்லிய கார்ட்ஸ்டாக்ல (அட்டை மாதிரியான தாள்) தண்ணி பட்டா நார் ஊறி விரியும். நனைஞ்ச பக்கம் மட்டும் விரியறதாலதான் தாள் வளையுது. முன்பக்கம் தொடங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்துல மெல்லிசா ஒரு கோட் ஜெஸ்ஸோ (நிறத்துக்கு முன்னாடி பூசற வெள்ளை அடிப்பூச்சு) போட்டு காயவிட்டா இழுப்பு பெரும்பாலும் சரியாயிடும். அப்படியும் வளைஞ்சா, பின்பக்கத்துல லேசா தண்ணி தெளிச்சு, ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வச்சு, மேல கனமான புத்தகங்களை ஒரு ராத்திரி அடுக்குங்க. இதை மாடலிங் பேஸ்ட் (மேடான டெக்ஸ்சர் தர்ற கெட்டிக் கலவை) போடுறதுக்கு முன்னாடியே செய்யணும். அப்புறம் செஞ்சா டெக்ஸ்சர் நசுங்கிடும்.

[காட்சி: தூரிகை, வெளிர் நீலக் கலவை]

முன்பக்கம் முழுக்க ஜெஸ்ஸோ பூச வேண்டாம். ஜெஸ்ஸோ மேல வாட்டர்கலர் தாளுக்குள்ள ஊறாது, மேலயே நிக்கும். அடுத்த ஈரத்தூரிகை பட்டதும் கையோட வந்துடும். நிறம் பரவ வேண்டிய இடத்தைத் தாளாவே விடுங்க, போட்டோவும் பேஸ்ட்டும் வர்ற இடத்துல மட்டும் ஜெஸ்ஸோ பூசுங்க.

அடுக்கு அடுக்கா நிறம் போடணும்னா தண்ணி கலந்த அக்ரிலிக்தான் எங்க தேர்வு. காய்ஞ்சுட்டா அது திரும்பக் கரையாது. வாட்டர்கலர் கரையும், அடுத்த நிறத்தோட கலந்து சேறாகும். வெளிர் நீலம், கடல் பச்சை, மணல் நிறம்னு மூணே நிறம் போதும். ஒரு துளி ஆரஞ்சு வேணும்னா நீலம் நல்லா காய்ஞ்சப்புறம் வைங்க. ரெண்டும் எதிரெதிர் நிறங்கள், ஈரத்துல சேர்ந்தா பழுப்புச் சாம்பல்தான் மிச்சம்.

[காட்சி: ஸ்டென்சில் மேல் கத்தி இழுக்கும் நெருக்கக் காட்சி]

இப்ப மாடலிங் பேஸ்ட். அலை மாதிரி வடிவம் உள்ள ஸ்டென்சிலை நாலு பக்கமும் மாஸ்கிங் டேப்பால ஒட்டுங்க. பேலட் நைஃபைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஒரே இழுப்புல, கனம் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போகாம பரப்புங்க. திரும்பத் திரும்ப இழுத்தா பேஸ்ட் ஸ்டென்சிலுக்கு அடியில நுழைஞ்சு ஓரம் கலைஞ்சிடும். நேரா மேல தூக்கி, ஸ்டென்சிலை உடனே கழுவுங்க. காய்ஞ்ச பேஸ்ட்டைச் சுரண்டுறதுக்குள்ள ஸ்டென்சில் கிழிஞ்சிடும். அவசரத்துக்கு ஹீட் கன்னை (சூடான காத்து அடிக்கிற கருவி) ரொம்பக் கிட்ட வச்சா மேல்தோல் முதல்ல இறுகி, உள்ளே இருக்கிற ஈரம் கொப்புளமா வெளிய தள்ளும். ஒரு சாண் தூரத்துல, அசைச்சுக்கிட்டே காட்டுங்க. தானா காயவிட்டா இன்னும் நல்லது.

தெறிப்பு வேணுமா? நிறத்தைத் தண்ணியா கரைச்சு, தூரிகையை விரல்ல தட்டுங்க. முதல் துளி எப்பவும் பெருசா விழும், அதனால பழைய பேப்பர் மேல ரெண்டு தட்டு தட்டிட்டு வாங்க. காலி இடத்தை ஒரு தாளால மூடிக்கோங்க.

[காட்சி: பயணச் சீட்டு, ரசீது]

ரசீது, டிக்கெட் ஒட்டுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெர்மல் பேப்பர்ல (சூட்டால அச்சாகற தாள்) அச்சான சீட்டு ஹீட் கன் பட்டதும் கறுத்துடும். சூடே படலைன்னாலும் நாளாக நாளாக எழுத்து மங்கிடும். நகல் எடுத்து அதை ஒட்டுங்க. இங்க்ஜெட் பிரிண்ட் மேல ஜெல் மீடியம் (ஒட்டவும் பூசவும் உதவுற அக்ரிலிக் ஜெல்) தடவினா மை கரையலாம், அங்க லேசர் நகல் பாதுகாப்பு.

போட்டோவைக் கடைசியா ஒட்டணும். பின்னாடி மூணு மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் தெரியற மாதிரி கார்ட்ஸ்டாக் வெட்டி, அமிலமில்லாத இருபக்க டேப்பால ஒட்டி, அதுக்கு அடியில ஃபோம் டேப். தண்ணியான பசை போட்டா கார்ட்ஸ்டாக்ல சுருக்கம் விழும். சிப்பி, குச்சி மாதிரி கனமானது எதுவானாலும் கெட்டி ஜெல்லும் சமதளமும் வேணும். ஆல்பம் உறைக்குள்ள நுழையுமான்னு முன்னாடியே அளந்துடுங்க.

எழுத்தைத் தனித்தாள்ல எழுதி ஒட்டினா பிழை வந்தாலும் பக்கம் கெடாது. "நல்லா இருந்தது"ன்னு எழுதி என்ன பயன்? எத்தனை மணிக்கு எழுந்தது, எந்தப் பக்கம் வெயில் விழுந்தது, எந்தப் புத்தகம் எத்தனாம் பக்கத்துல நின்னதுன்னு எழுதுங்க.

[காட்சி: உறைக்குள் போகும் பக்கம்]

அக்ரிலிக் தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அழுத்தம் பட்டா உறையோட ஒட்டிக்கும். ஒரு நாளாவது திறந்து வச்சு, அப்புறம் முகப்பு மேல ஒரு பட்டர் பேப்பர் போட்டு உறைக்குள்ள விடுங்க.