வேலைக்காட்டில் ஒரு கழிப்பறை

பெருமதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, இம்மண்டபத்தைத் தந்துதவிய தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்ட நிர்வாகி அவர்களே, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து திரண்டுவந்த பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஒட்டுண்ணிகள் கொசுவழியும் குரங்குவழியும் மண்வழியும் பரவுவதைப் பற்றி இன்று பேசுவதாக அறிவித்திருந்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்பார்கள். அதையே பிழைப்பாகக் கொண்டவை இவை. 1901இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து மலேரியாவை அடக்கினார். 2018இல் மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் எவருக்கும் தொற்றவில்லை என்ற நிலையை மலேசியா எட்டியது. இன்று காட்டோரத்தில் குரங்கைக் கடித்த கொசு நம்மைக் கடிப்பதால் வரும் நோலெசி மலேரியாதான் மிச்சம். அதை மருத்துவர் விளக்குவார். நான் மண்ணுக்கு வருகிறேன்.

என் பெரியப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நிரை என்னும் மரவரிசையில் பாதியிலேயே மூச்சு வாங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாராம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னிலையிலும் கங்காணி அவரைச் சோம்பேறி என்று ஏசி, அரைப்பேர் போட்டுச் சம்பளத்தைக் குறைத்தார். பெரியம்மாவோ செய்வினை என்று நம்பி முனியாண்டிக்குக் கோழி அறுத்தார். சிரிக்காதீர்கள், அந்தக் கோழிக்கறியால் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் இரத்தம் ஊறியிருக்கும்! கடைசியில் தோட்ட ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உட்புறம் காகிதமாய் வெளுத்திருந்தது. மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன.

நிரைக்குள் ஒருவர் கழித்த மலத்திலுள்ள முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகின்றன. வெறுங்காலில் நுழையும் அப்புழு, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. பெரியப்பா சேற்றுப்புண் என்று எண்ணெய் தடவிய கால்விரல் அரிப்பே அது நுழைந்த வாசல்.

அல்பெண்டசோல் மாத்திரை குடலில் இருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, மறுநாள் மிதிக்கும் மண்ணிலிருந்து காப்பாற்றாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வெட்டுக்கத்தி ஏந்திய கைகள் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுடையவை. ஆனால் வேலை நடக்கும் இடமான வேலைக்காட்டில் ஒதுங்க இன்னமும் நிரைதான் இருக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று புழுவை மட்டுமா சொல்வது? தொழிலாளியின் உழைப்பில் உண்ணும் தோட்டத்துக்கும் அது பொருந்தாதா? நிர்வாகி அவர்கள் பொறுத்தருள வேண்டும். ஒவ்வொரு வேலைக்காட்டிலும் தண்ணீரோடு ஒரு கழிப்பறை, ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி பூட்ஸ், இவ்விரண்டையும் கேட்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையொப்பமிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.