கரகர ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடாதீர்கள், களிம்புதான் காரணம்

வணக்கம் மக்களே, யாங்கோனிலிருந்து பேசுகிறேன். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

(குமிழைத் திருகும்போது: கர்ர்ர்... சடசட... திடீரென்று ஒரே அலறல்.)

எங்கள் கோயில் ஆம்ப்ளிஃபயர். போன வெள்ளிக்கிழமை பூசையில் வால்யூமைக் கொஞ்சம் கூட்டப் போய், குழாய் ஸ்பீக்கர் போட்ட அலறலில் தேங்காய் உடைக்க ஓங்கியவர் கை அப்படியே நின்றுவிட்டது. "தம்பி, இதுக்கு ஆயுசு முடிஞ்சுது, பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்" என்றார் தர்மகர்த்தா. நான் கால் மணி நேரம் அவகாசம் கேட்டேன்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், கண்ணாடிக் குழாய் வைத்த பழைய வால்வு செட்டில் 300 வோல்ட்டைக்கூடத் தாண்டும். பழைய பிக்சர் டியூப் டிவி பக்கமே போகாதீர்கள், அது ரிப்பேர் சயாக்களின், அதாவது கைதேர்ந்த மெக்கானிக்குகளின் வேலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுவிட்சைப் போட்டதும் இரண்டு உலோகமும் முழுசாக ஒட்டிக்கொள்கின்றன என்று நினைக்கிறோம். கிடையாது. இரண்டு டூரியன் பழத்தை எடுத்து ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள், முள்ளும் முள்ளும்தானே தொடும்? பளபளக்கும் உலோகமும் நுண்ணோக்கியில் அப்படித்தான், கரண்ட் முழுக்க அந்தச் சில முள் நுனிகள் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே ஒரு படலம் படிந்தால் கதை கந்தல். மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டி சுவரே வேர்க்கும் இந்த ஊரில் படலத்துக்குச் சொல்லவா வேண்டும்!

அதற்கு நம்மிடம் எவ்வளவு அழகான பெயர் இருக்கிறது பாருங்கள்: களிம்பு. செம்போடு களிம்பு எப்படிக் கூடவே இருக்கிறதோ அப்படித்தான் உயிரோடு ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும். சோல்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாலே எனக்கு இதுதான் ஞாபகம் வரும், சிரிக்காதீர்கள். வெள்ளியின் கதை வேறு. பல ரிலே, சுவிட்சு முனைகளில் வெள்ளி உண்டு, காற்றில் உள்ள கந்தகம் பட்டால் கறுக்கும். அம்மாவின் கொலுசு கறுப்பதும், முட்டை பட்ட வெள்ளி ஸ்பூன் கறுப்பதும் அதே கந்தகத்தால்தான். ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, அதனால் கழற்றிய பாகங்களை டீக்கடைப் பார்சல் மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள். கொலுசுக்கு விபூதி, குத்துவிளக்குக்குப் புளி என்று பாட்டி வைத்தியம் ஒன்று உண்டே, அது இங்கே வேண்டாம். விபூதி பூச்சைச் சுரண்டும், புளியின் அமிலம் இடுக்கில் தங்கி மறுபடி அரிக்கும்.

தங்க முனையைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிறவர்களே, அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. நீங்கள் அழித்தது அழுக்கையா, தங்கத்தையா? ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் 99 சதவீதம் பார்த்து வாங்குங்கள், கொரோனா காலத்தில் மிச்சமான 70 சதவீத பாட்டிலில் மீதி தண்ணீர்.

இப்போது வால்யூம். உள்ளே லாடம் மாதிரி வளைந்த கார்பன் பட்டை, அதன்மேல் சறுக்கும் ஒரு குட்டி உலோக நாக்கு. மூன்று கால்கள் இருக்கும் பக்கம் சின்ன இடுக்கு தெரிகிறதா? காண்டாக்ட் கிளீனர் (மின்முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) குழாயை அங்கே வைத்து ஒரே பீச்சு, டப்பாவைக் காலி செய்யாதீர்கள். அப்புறம் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 30 தடவை திருகுங்கள், பாதி வேலை அந்தத் தேய்ப்பில்தான் நடக்கிறது. சில சுவிட்சுகளுக்கு மருந்தே வேண்டாம், கரண்ட் இல்லாமல் 20 தடவை போட்டு அணைத்தாலே போதும். சாதாரண டபிள்யூடி-40 அடிக்கலாமா என்று எப்படியும் கமெண்டில் கேட்பீர்கள். வேண்டாம், எண்ணெய்ப் படலம் நின்று தூசியைப் பிடிக்கும்.

சுத்தம் செய்தும் கரகர திரும்பினால் கார்பன் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் குமிழுக்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டர் கசிந்து டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) உள்ளே வருகிறது. அப்போது எத்தனை டப்பா அடித்தும் பயனில்லை.

பேட்டரி ஒழுகியிருந்தால்: அல்கலைனுக்கு எலுமிச்சைச் சாறு, பழைய கார்பன் பேட்டரிக்குச் சோடா உப்புத் தண்ணீர், கடைசியில் ஆல்கஹால்.

(குமிழ் திரும்புகிறது. ஒரு சத்தமும் இல்லை.)

கேட்டீர்களா? தர்மகர்த்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே மைக்கை எடுத்து "ஹலோ, ஹலோ" என்றார், முதல் ஹலோ வந்தது, இரண்டாவது வரவில்லை. அது ஜாக் கோளாறு, அடுத்த வாரம் பார்ப்போம்.