பாராங் பிடியும் பால் மங்கும்

எல்லாருக்கும் வணக்கம். சற்றுமுன் இதே மேடையில் நம் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் பட்டிமன்றம் நடத்தினார்கள். உலகுக்கு அதிகம் கொடுத்த நாடு எது என்பது தலைப்பு. ஓர் அணி இந்தியா, ஓர் அணி சீனா, ஓர் அணி இங்கிலாந்து. காகிதம், வெடிமருந்து, சுழியம், நீராவி இயந்திரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் மூன்று அணிகளும் நாடுகளைப் பற்றியே பேசின. அந்தப் பொருளை முதலில் கையில் எடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் சிங்கப்பூரிலிருந்தே ஒன்று புறப்பட்டுப் போய் உலகத்தை மாற்றியிருக்கிறது, அதுவும் யார் வாயிலும் வரவில்லை.

சுழியத்துக்குத்தான் அதிகக் கைதட்டல் கிடைத்தது. சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன். 628-இல் பிரம்மகுப்தர் என்ற இந்தியக் கணித அறிஞர் சுழியத்தை ஓர் எண்ணாகவே வைத்து, அதைக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதினார். அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் கல்லில் ஆண்டோடு நிற்கும் மிகப் பழைய சுழியக் குறிகளில் இரண்டு எங்கே கிடைத்தன தெரியுமா? ஒன்று கம்போடியாவில், இன்னொன்று சுமத்ராவில், பாலெம்பாங்கில். இரண்டிலும் இருப்பது சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683. இந்தியாவில் குவாலியர் கோயில் கல்வெட்டின் சுழியம் 876-ஐச் சேர்ந்தது. பாலெம்பாங் நமக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரத் தூரம்.

அப்புறம் நம் பழைய தமிழ் எண்களைப் பாருங்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் வைத்திருந்தோம். இருநூற்று மூன்றை ௨௱௩ என்று எழுதிவிடலாம், நடுவில் சுழியம் வேண்டியதே இல்லை. அழகான முறை, ஆனால் வேறு முறை. "சுழியம் தமிழன் கண்டது" என்று ஒரு தம்பி உணர்ச்சியோடு சொன்னார். தம்பி, நம்மிடம் இருப்பதைச் சொல்லியே தலைநிமிர்ந்து நிற்கலாம். இல்லாததைச் சேர்த்தால், இருப்பதையும் நம்ப மாட்டார்கள்.

ராமன் விளைவும் வந்தது; ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறுவதுதான் அது. 1928 பிப்ரவரி 28, கல்கத்தா என்று ஒரு மாணவி தேதியோடு சொன்னார். அதே மாதம் 21-ஆம் தேதி மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் அதையே பார்த்திருந்தார்கள். அச்சில் முந்தியது கல்கத்தா. 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே போனது. ரஷ்ய நூல்கள் அந்த விளைவுக்கு வேறு பெயர் வைத்திருக்கின்றன. இந்தியாவா ரஷ்யாவா என்ற இந்தச் சண்டையில் காணாமல் போனவர் யார்? கே. எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்தவர், ராமனோடு சேர்ந்து அந்தச் சோதனைகளைச் செய்தவர். 'நேச்சர்' இதழில் வந்த முதல் கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கின்றன. நம் கூட்டங்களில் ஒரு பெயர்தான் ஒலிக்கிறது. நாட்டின் பெருமை என்று ஆரம்பித்தால் சொந்த நாட்டு ஆளையே மறந்துவிடுகிறோம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1840-களின் தொடக்கம். மாண்ட்கோமரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இங்கே ஒரு மலாய்க்காரரின் பாராங் கத்தியைப் பார்க்கிறார். அதன் பிடி மரமும் இல்லை, கொம்பும் இல்லை. என்ன இது என்று கேட்கிறார். அந்த மனிதர் விளக்குகிறார்: காட்டு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் களிமண்போல் இளகும், வேண்டிய வடிவத்தில் பிடிக்கலாம், ஆறினால் மறுபடி கெட்டியாகிவிடும். பெயர் கெத்தா பெர்ச்சா. 1843-இல் மாதிரிகள் லண்டனுக்குப் போகின்றன. மின்சாரத்தை அது கசியவிடாது என்று 1848-இல் ஃபாரடே எழுதுகிறார். ஜெர்மனியில் சீமென்ஸ் என்ற பொறியாளர் அதைக் கம்பியின்மேல் உறையாகப் பூசுகிறார். 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் தந்தி ஓடுகிறது, 1866-இல் அட்லாண்டிக்கின் அடியிலும் நிலைத்து ஓடுகிறது. கடல் நீர் அந்தப் பாலை அரிக்கவில்லை. 1871-இன் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடிக் கம்பி சிங்கப்பூரைத் தொட்டது. இந்த வட்டாரத்துக் காட்டின் பால் கம்பியின் மேலுறையாகிக் கடல் வழியே திரும்பி வந்தது.

இதில் பெருமை யாருக்கு? பாடநூல் ஃபாரடே என்கிறது, சீமென்ஸ் என்கிறது, கம்பெனிகளைச் சொல்கிறது. அவர்கள் செய்தது பெரிய வேலைதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெந்நீரில் போட்டால் இளகும் என்ற அறிவு லண்டனில் பிறந்ததல்ல. அதைச் சொன்ன மலாய்க்காரரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆங்கிலேயர்கள் அந்தப் பொருளுக்குப் புதுப் பெயர் வைக்காததால், அந்தச் சொல்லில் மட்டும் அவர் மொழி இருக்கிறது. அந்தப் பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூரில் பெரிய கெத்தா மரங்கள் அரிதாகிவிட்டன.

தம்ப் டிரைவ் நம்முடையது என்று பலர் சொல்வீர்கள். நம் ஊர் டிரெக் நிறுவனம் 2000-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது உண்மை. ஓர் இஸ்ரேல் நிறுவனமும் ஒரு சீன நிறுவனமும் தங்களுடையது என்றன. அந்த வழக்கை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ரப்பர். 1876-இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். 1877-இல் 22 செடிகள் சிங்கப்பூருக்கு வந்தன. இங்கே தாவரவியல் பூங்காவை 1888 முதல் நடத்திய ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்க வழி கண்டார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு. அடுத்த முறை புதுக்காயம் வேண்டாம், அதே கோட்டை மெல்லியதாகச் சீவினால் போதும். அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள். பிறகு மலாயா முழுவதும் தோட்டமானது.

என் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, தலையில் விளக்கு, வெயில் ஏறுமுன் முந்நூறு மரத்துக்கு மேல். ரிட்லி என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "பட்டையைச் சீவணும், மரத்தைத் தொடக்கூடாது" என்பார். ஒரு நகக்கீறல் ஆழம் கூடினால் மரம் புண்ணாகும், மறுபடி பட்டை நேராக வளராது. அந்த ஆழத்தை அவர் கண்ணால் அளக்கவில்லை, அந்த விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் எப்படி அளப்பது? கத்தி பட்டையில் ஓடும் சத்தத்தை வைத்தே கண்டுகொள்வார். இதை எந்தப் பட்டிமன்றத்தில், எந்த நாட்டின் கணக்கில் எழுதுவீர்கள்? பிரேசிலா, இங்கிலாந்தா, இந்தியாவா, மலாயாவா?

மரப்பால் பிடிக்கும் கிண்ணமான அவருடைய பால் மங்கு ஒன்றை இன்று கொண்டுவந்திருக்கிறேன். விளிம்பில் உலர்ந்த பால் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது, விரலால் உரித்தால் இழுபடும். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் முன்வரிசைக்கு வாருங்கள், தொட்டுப் பாருங்கள்.